எலுமிச்சம்பழம் நாற்பத்தோராயிரம்

காலை ஆறு நாற்பதுக்கு மைக்செட் வண்டி கல்லூரிக்குள் நுழைந்தது. ரேணுகாதேவி அதற்கு முன்பே வந்துவிட்டாள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து முதல் பஸ். அவள் வரும்போது வாட்ச்மேன் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார்.

மைதானத்தில் அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கயிறு கட்டினாள். கட்டிய கயிற்றை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினாள். வளையம் எறிகிற மேசையை வேப்பமர நிழலுக்கு இழுத்தாள். பத்து மணிக்கு அங்கே வெயில் வந்துவிடும் என்று தோன்றியது. திரும்பவும் இழுத்தாள்.

"ஏ ரேணு, அந்த மேசைக்கு வாயிருந்தா அழுதுரும்," என்றாள் துர்காதேவி. அவள் தரையில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் வரும்டி."

"அருப்புக்கோட்டையில வெயில் வராத எடத்தத் தேடுறியா? ஒக்காரு. ராத்திரி தூங்குனியா இல்லையா?"

ரேணுகா உட்காரவில்லை. காலி டின்களை எண்ணப் போனாள்.

இருவரும் பி.காம். மூன்றாம் வருடம். வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். அதில் ஒருவன் மாரிச்செல்வம், மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆறு வாரத்துக்கு முன்னால் திருச்சுழி ரோட்டில் ஸ்கூட்டர் சரிந்து வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே வைத்த பிளேட்டைச் சுற்றிச் சீழ் பிடித்துவிட்டது. பிளேட்டை எடுத்துச் சுத்தம் செய்து, வெளியிலிருந்து கம்பி மாட்ட வேண்டும். திங்கட்கிழமை செய்தாக வேண்டும். தள்ளிப்போனால் காலைத் தொடையோடு எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீட்டு அட்டையில் இருந்தது முதல் ஆபரேஷனோடு தீர்ந்துவிட்டது. இப்போது இரண்டு லட்சம் கேட்டார்கள்.

அதற்காகத்தான் இந்தக் கார்னிவல். யோசனை ரேணுகாவுடையது. முதல்வரிடம் அனுமதி வாங்கியது அவள். அருப்புக்கோட்டைக் கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கியது அவள். ராட்டினக்காரரிடம் பாதி வாடகைக்குப் பேசி முடித்ததும் அவள்தான். வகுப்பில் எல்லோரும் வியந்தார்கள். மாரிச்செல்வத்தோடு அவள் அதிகம் பேசிக்கூட யாரும் பார்த்ததில்லை.

அந்த ஸ்கூட்டரை ஓட்டியது ரேணுகாதேவி. அது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு இருவரும் திருச்சுழி தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழுக்கு நின்றார்கள். வெளியே வரும்போது பஸ் போய்விட்டது. அவன் மாமாவின் ஸ்கூட்டரில் வந்திருந்தான். அவனுக்கு லைசன்ஸ் இல்லை. அவளுக்கு இருந்தது. "லைசன்ஸு உள்ளவுக முன்னாடி உக்காருங்க," என்று சாவியை நீட்டினான். சிரித்துக்கொண்டுதான் நீட்டினான். ஒரு வளைவில் ஏதோ லாரி கொட்டிவிட்டுப் போன மணல் கிடந்தது. ஆடுகள் குறுக்கே வந்தன. அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவன் கால் வண்டிக்கும் மைல்கல்லுக்கும் நடுவில்.

தூரத்தில் அருப்புக்கோட்டை பஸ் வந்தது. "கையக் காட்டி ஏறிப் போயிரு," என்றான்.

"உன்னைய விட்டுட்டா?"

"ஆடு மேய்க்கிறவரு வாராரு, அவரு பாத்துக்கிடுவாரு. நீ இங்கன நின்னா எனக்குக் கால் மட்டும் போகாது."

அவள் ஏறினாள்.

அவன் சொன்னது அவளுக்கும் தெரியும். ரெட்டியபட்டி மருதுபாண்டி மகளும், அதே மருதுபாண்டி காட்டில் பருத்தி எடுத்த ஆவுடைத்தாய் மகனும் ஒரே வண்டியில். ஊருக்கு அது போதும். எதற்குப் போனார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். போலீஸ் வந்தபோது தான் ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிட்டான். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தவன் என்று அவன் பேரில் கேஸ் ஆனது. அன்று ராத்திரி அவளுக்கு ஒரே ஒரு மெசேஜ் வந்தது. வாயத் தொறக்காத.

அன்றிலிருந்து அவள் முழுக்கை வைத்த சுடிதார்தான் போடுகிறாள். இந்த ஆவணி வெயிலிலும்.

"ஹலோ, ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு," என்று மைக்கில் குரல் வந்தது. அய்யப்பன். அவர்கள் வகுப்புதான். அவன் அப்பா ஊர்க் கோயில் கமிட்டியில் இருக்கிறார். மைக் என்று ஒன்று எங்கே இருந்தாலும் அதைப் போய்ப் பிடித்துக்கொள்வான்.

"தம்பி, மைக்க முழுங்கிறாத. வாடகைக்கு வந்தது," என்றார் மைக்செட்காரர்.

பத்து மணிக்குக் கூட்டம் சேரத் தொடங்கியது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் அவர்களைத் தேடிக்கொண்டு அம்மாக்கள். வளையம் எறிய இருபது ரூபாய், டின் அடிக்க இருபது. பருத்திப்பால் அடுப்பில் ஏறியது. மருதாணி போடும் இடத்தில் வரிசை நின்றது. ராட்டினம் சுற்றியபோது மேலே இருந்த ஒரு கிழவர், "ஏலே நிறுத்துங்கடா, எனக்குச் சொத்து இருக்கு," என்று கத்தினார். கீழே எல்லோரும் சிரித்தார்கள்.

ரேணுகாவுக்கு எந்த ஸ்டாலும் கிடையாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அது அவளுக்கு வசதியாக இருந்தது. சில்லறை கொண்டுபோனாள், தண்ணீர் கேன் தூக்கினாள். டின் அடிக்கிற இடத்தில் பந்து தொலைந்துவிட்டது என்றார்கள். வாசல் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தாள். வந்தபோது பழைய பந்து கிடைத்திருந்தது.

பதினொன்றரைக்கு ஆவுடைத்தாய் வந்தாள். மதுரையிலிருந்து பஸ்ஸில். முத்துலட்சுமி மேடம்தான் வரச் சொல்லியிருந்தார். துறைத் தலைவர் அவர். முடிவில் மேடையில் வைத்துப் பணத்தைக் கையில் கொடுக்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆவுடைத்தாய் ஒரு மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஆறு வாரமாகப் போகவில்லை.

துர்கா ரேணுகாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். துர்கா அவர்கள் தெருப் பிள்ளை. "சித்தி, இவதேன் ரேணு. இம்புட்டும் இவ ஏற்பாடு."

ஆவுடைத்தாய் எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா," என்றாள் ரேணுகா.

"இருக்கட்டும் பாப்பா. நீ மருதுபாண்டி ஐயா மகதானே? ஒன்னையச் சின்னப் பிள்ளையில வரப்புல பாத்திருக்கேன்."

"பஸ்ஸுல எடம் கெடச்சதாம்மா?"

"காரியாபட்டி வரைக்கும் நின்னுக்கிட்டுத்தேன் வந்தேன். அதனால என்ன." பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "நேத்து ஒரு வக்கீலப் பாத்தோம். வண்டிக்கு இன்சூரன்ஸு இருக்காம் பாப்பா. லைசன்ஸு உள்ள ஆளு ஓட்டி, இவன் பின்னாடி உக்காந்து வந்திருந்தா கம்பெனிக்காரன் நல்லாவே குடுத்திருப்பானாம். வர நாளாகும், ஆனா கேஸக் காட்டி வெளியில கடன் வாங்கலாமாம். இவன் தானே ஓட்டித் தொலைச்சுட்டான். அதான் ஒண்ணும் இல்லாமப் போச்சு."

"அவன் எப்பவும் அப்படித்தேன் சித்தி," என்றாள் துர்கா. "அவசரக் குடுக்கை."

"அவசரமெல்லாம் கெடையாது," என்றாள் ரேணுகா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"வகுப்புல பாத்திருக்கேன். அதைச் சொன்னேன்," என்றாள். பருத்திப்பால் ஸ்டாலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அங்கே போய் ஒரு டம்ளர் வாங்கி, குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சூடு கையில் ஏறியது. அப்படியே நின்றாள்.

மதியம் வரை வந்ததைப் பார்த்தபோது ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை. முத்துலட்சுமி மேடம் உதட்டைப் பிதுக்கினார். அய்யப்பன் மட்டும் கலங்கவில்லை.

"எல்லாம் மூணு மணிக்கு மேல பாருங்க. ஏலம் இருக்குல்ல. எங்க ஊருல போன பொங்கலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் முப்பத்திரண்டாயிரம் போச்சு மேடம். பழத்துக்கா போகுது? நான் கேட்டேன்னு நாலு ஊரு பேசணும்ல, அதுக்குப் போகுது."

"காலேஜ்ல வந்து எடுப்பாகளா?" என்று துர்கா கேட்டாள்.

"ஏன், காலேஜ் மைக்குல பேரு சொன்னா கேக்காதா?"

அவன் பத்து நாளாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தான். மூன்று மணிக்குச் சொன்னபடியே வந்தார்கள். வேட்டி கட்டிய ஆட்கள், ஜீப்பிலும் பைக்கிலும். ரெட்டியபட்டியிலிருந்து பத்துப் பேர். அவர்களுக்கு முன்னால் மருதுபாண்டி.

ரேணுகாவின் அப்பாவுக்கு இருபது ஏக்கர் மானாவாரி. அதில் பாதியைச் சோலார் கம்பெனிக்கு விட்டிருந்தார். வானம் பார்த்துக் கிடந்த கரிசல் இப்போது மாசம் தவறாமல் வாடகை தந்தது. அந்தப் பணம் வந்த பிறகு அவர் நடையில் ஒரு நிதானம் வந்திருந்தது.

"தாயி, சாப்பிட்டியா?" என்றார். "மொகமெல்லாம் கறுத்துப் போச்சு." கூட வந்தவர்களிடம் திரும்பினார். "பாருங்கய்யா, இம்புட்டையும் ஒத்தப் பொம்பளப்பிள்ள நடத்துது."

பிறகு ஆவுடைத்தாயைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கு அவரைவிட நாலைந்து வயது கூட.

"என்ன ஆவுடை, மகன் எப்படி இருக்கான்?"

"உங்க புண்ணியத்துல இருக்கான் ஐயா."

"ஒண்ணும் ஆகாது. நாங்கல்லாம் இருக்கோம்ல. நம்ம காட்டுல வேல பாத்தவ, விட்டுருவோமா?"

ஆவுடைத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். ரேணுகா தன் முழங்கையைச் சட்டையோடு சேர்த்துச் சொறிந்தாள். புண் எப்போதோ ஆறிவிட்டது. ஆனாலும் சொறிந்தாள்.

ஏலம் தொடங்கியது. அய்யப்பன் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டான். ஒரு நாளும் அவன் வகுப்பில் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

"மொதல்ல உப்பு! கோயில் ஏலத்துல எதுங்க மொதல்ல? உப்புதேன். அந்த மொறை மாறாம நம்மளும் உப்புலயே ஆரம்பிக்கிறோம். ஒரு கிலோ கல்லு உப்பு! ஐயாயிரம்னு ஒரு குரல் கேட்டுச்சு. ஐயாயிரம் ஒரு தரம்..."

உப்பு பன்னிரண்டாயிரத்துக்குப் போனது. மஞ்சள் பதினெட்டாயிரத்து ஐநூறு. தேங்காய் இருபத்து நாலாயிரம். ஒவ்வொரு தொகைக்கும் கூட்டத்தில் விசில் பறந்தது. சேவலைத் தூக்கிக் காட்டியபோது அது அய்யப்பன் துண்டில் எச்சமிட்டது. "பாருங்க, கைராசிக்காரச் சேவல்!" என்றான். காரியாபட்டியில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கும் உக்கிரபாண்டி முப்பத்து மூவாயிரத்துக்கு எடுத்தார்.

கடைசியில் எலுமிச்சம்பழம். ஒரே ஒரு பழம். பித்தளைத் தட்டில் குங்குமம் வைத்து.

உக்கிரபாண்டி முப்பது என்றார். மருதுபாண்டி முப்பத்தைந்து என்றார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. மருதுபாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். "நாப்பத்தோராயிரம்," என்றார். உக்கிரபாண்டி சிரித்துக் கையை உயர்த்தி விட்டுக் கொடுத்தார்.

"ரெட்டியபட்டி மருதுபாண்டி அவுக! எலுமிச்சம்பழம் நாற்பத்தோராயிரம்! இந்த கார்னிவல நடத்துற நம்ம ரேணுகாதேவியோட அப்பா அவுக!"

அவர் பழத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரேணுகா தொலைவில் நின்று பார்த்தாள்.  அப்பா தெரியாமலே என் கடனைக் கட்டிவிட்டார் என்று நினைத்தாள். யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கால் பிழைத்துவிடும். அப்புறம் தூங்கலாம்.

அய்யப்பன் கூட்டிப் பார்த்து மைக்கில் முழங்கினான். மைதானத்தில் வந்தது எழுபத்து மூவாயிரத்து இருநூறு. ஏலத்தில் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து ஐநூறு. மொத்தம் இரண்டு லட்சத்து ஆயிரத்து எழுநூறு.

ஆவுடைத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். துர்கா மாரிச்செல்வத்துக்கு வீடியோ கால் போட்டு மைதானத்தைச் சுற்றிக் காட்டினாள். போன் கை மாறி ரேணுகாவிடம் வந்தது. தலையணையில் அவன் முகம். தாடி வளர்ந்திருந்தது.

"கலக்கிட்டீகப்பா," என்றான். எல்லோருக்கும் சொல்வதுபோல. பிறகு குரலைத் தணித்தான். "இப்பவாவது ஒரு எடத்துல உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் முறையாக.

அது பத்து நிமிஷம் நீடித்தது.

மேடையில் கொடுப்பதற்குப் பணத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ரேணுகாவும் அய்யப்பனும் ஒரு துணிப்பையோடு ஏலம் எடுத்தவர்களிடம் போனார்கள். முதலில் உக்கிரபாண்டி. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, முப்பத்து மூவாயிரம்," என்றாள் ரேணுகா. "ஜி பே பண்ணாலும் சரிதான்."

"என்னம்மா?"

"சேவலுக்கு."

"பணமா? இப்பயா?" அவர் உண்மையாகவே வியந்தார். "ஏலம் எடுத்தா அடுத்த வருச விழாவுக்குள்ள கட்டுறதுதானம்மா மொறை. எங்க ஊருல போன வருசம் எடுத்த கிடாய்க்கு இந்தப் பங்குனியிலதேன் கட்டுனேன். ஒரு பைசா கொறைக்கல. விசாரிச்சுப் பாரு." டம்ளரைக் கீழே வைத்தார். "அடுத்த வருசம் கார்னிவல் எப்ப வைக்கிறீக?"

ரேணுகா அய்யப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தோளிலிருந்து துண்டை எடுத்தான்.

உக்கிரபாண்டி ஏமாற்றவில்லை. அங்கே யாருமே ஏமாற்றவில்லை. மஞ்சள் எடுத்தவர் அதையே சொன்னார். தேங்காய் எடுத்தவர், "ரொக்கம்னு சொல்லியிருந்தா ஆயிரத்தோட நிறுத்தியிருப்பேனே," என்று நியாயமாகக் கேட்டார். அவருக்குக் கோபம்கூட வந்தது. உப்பு எடுத்தவர் ரொம்ப யோசித்து இரண்டாயிரம் கொடுத்தார். பாக்கி அடுத்த வருசம்.

"ஏலே, ஒனக்குத் தெரியாதா?" துர்கா அய்யப்பனின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "ஒங்கப்பா கோயில் கமிட்டிதானே? ஒரு வார்த்த ரொக்கம்னு சொல்ல வாய் வரலையா?"

"தெரியும். கோயில்ல அப்படித்தேன்."

"பெறகு?"

"இங்கன... நெனைக்கவே இல்ல துர்கா. உப்புன்னு எடுத்தவுடனே வாய் தன்னால அந்தப் போக்குல போயிருச்சு." அவன் துண்டைக் கையில் சுருட்டினான். "நாலு பேர்ட்டக் கேட்டுப் பாக்குறேன். நீ சட்டைய விடு."

முத்துலட்சுமி மேடம் பர்ஸைத் திறந்து மூன்று ஐநூறு ரூபாய்த் தாளை மேசையில் வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கையில் இருந்தது எழுபத்தாறாயிரத்துச் சொச்சம். நாளை ஞாயிறு. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் கட்டியாக வேண்டும்.

அந்தப் பக்கம் ஆவுடைத்தாய் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா. ரெண்டு லட்சத்துக்கு மேல. ஆமா, இன்னிக்கே." துர்கா அவளிடம் போக இரண்டு அடி வைத்தாள். திரும்பி வந்தாள்.

"நீ சொல்லு ரேணு. எனக்கு முடியல."

ரேணுகா ஆவுடைத்தாயிடம் போகவில்லை. ராட்டினத்தின் பின்பக்கம் போய் நின்று மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.  அவன் சிரித்தான். "எங்கம்மா சேவலயாவது கேட்டு வாங்கியிருக்கலாம்."

"நான் சொல்லிறப் போறேன்."

"வேணாம்."

"லைசன்ஸு எங்கிட்ட இருக்கு. கேஸ மாத்தி எழுதுனா—"

"கால் போனாப் போகட்டும். நீ வாயத் தொறந்தா எங்க தெருவுக்குள்ள ஆளுக வருவாக. எங்கம்மா அந்தத் தெருவுலதேன் இருக்கணும். தங்கச்சி இருக்கா. யோசிச்சுப் பேசு."

அவன் வைத்துவிட்டான்.

அவள் யோசித்தாள். நடந்துகொண்டே யோசித்தாள். ராட்டினத்தைச் சுற்றி இரண்டு முறை வந்தாள். ஊர் யாரைப் பார்த்து நடக்கும்? அப்பாவைப் பார்த்து. பத்துப் பேர் இன்றைக்கு அவர் பின்னால்தான் வந்தார்கள். அவள் தனியாகப் போய் ஸ்டேஷனில் சொன்னால், மருதுபாண்டி மகள் ஒருத்தனுக்காக ஓடிப்போய்ச் சொன்னாள் என்று ஆகும். அப்புறம் ஆட்கள் கிளம்புவார்கள். அப்பாவே பக்கத்தில் வந்து நின்றால் கிளம்ப யாருக்கும் துணிச்சல் வராது.

அப்பா வருவாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. இருபது வருடம் அந்த வீட்டில் இருந்தும் அது அவளுக்குத் தெரியவில்லை.

மணி ஐந்தரை ஆகியிருந்தது. பிள்ளைகள் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மருதுபாண்டி பைக்கை வாசலுக்கு வெளியே, புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவர் எலுமிச்சம்பழத்தை ஒரு கைக்குட்டையில் சுற்றிப் பைக்கின் பக்கப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறு தாயி. இருட்டுறதுக்குள்ள போயிருவோம்."

"அப்பா, நாப்பத்தோராயிரத்த இப்பக் கட்டுங்க."

"என்ன அவசரம்? அடுத்த வருசம் கட்டுறதுதானே."

"திங்கக்கிழம ஆபரேஷன். ஏலம் எடுத்தவுக யாருமே தர மாட்டேங்காக. நீங்க கட்டுனா அவுகளும் கட்டுவாக."

மருதுபாண்டி பெட்டியை மூடினார். "அங்கதேன் நீ தப்பா நெனைக்க. அவனவன் அடுத்த வருசம்னு நிக்கையில நான் மட்டும் எடுத்து நீட்டுனா, அவுக மொகத்துல அடிச்ச மாதிரி. உக்கிரபாண்டி அப்புறம் எங்கூடப் பேசுவாரா? கட்டக் கூடாதுன்னு இல்ல. அதுக்கு ஒரு மொறை இருக்கு." சட்டைப்பையிலிருந்து நாலு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்தார். "இது ஏலத்துல சேராது. என் கைக்காசு. ஆவுடைட்டக் குடு."

அவள் கையை நீட்டவில்லை.

"வங்கியில இருக்கேப்பா. ரெண்டு லட்சம் உங்களுக்குப் பெருசா?"

"பெருசா சிறுசான்னு இல்ல தாயி. நம்ம கடனா அது? லைசன்ஸு இல்லாம ஓட்டுனான், விழுந்தான். நம்ம எரக்கப்பட்டுச் செய்றோம். எரக்கப்பட்டுச் செய்றதுக்கு இன்ன தேதிக்குள்ளன்னு கெடு வைக்க முடியுமா?" அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைப் பொறுமையாக விளக்குவதுபோலத்தான் சொன்னார். "நம்ம வண்டி அவன இடிச்சிருந்தா, நீ கேக்கணும்னே இல்ல. நானே போய்க் கட்டிட்டு வந்திருப்பேன். ஒரு பைசா மிச்சம் வைக்காம. ஒங்கப்பன் அப்படிப்பட்ட ஆளுதான். தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகென்ன. ஏறு."

அவர் உட்கார்ந்து சாவியைத் திருகினார். பைக் கிளம்பியது. ரேணுகா பின் சீட்டில் கை வைத்தாள். ஏறவில்லை. வாசலுக்குள் ஆவுடைத்தாய் மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடையில் தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்து நின்றாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

ரேணுகா வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். தழும்பு வெளிறிக் கிடந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும்.

"இது என்ன?" என்றார் மருதுபாண்டி. பைக்கை அணைத்தார். "எப்ப விழுந்த?"

"ஆறு வாரம் ஆச்சு. திருச்சுழி ரோட்டுல."

அவர் தழும்பைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏனோ வாசல் பக்கம் திரும்பி, உள்ளே நின்ற ஆவுடைத்தாயைப் பார்த்தார். கையில் அந்த நாலு தாள்கள் அப்படியே இருந்தன.

"அவன் பின்னாடி உக்காந்திருந்தான்ப்பா. வண்டிய ஓட்டுனது நான்," என்றாள் ரேணுகா. "நாளைக்கு ஸ்டேஷனுக்கு நீங்களும் வாரீகளா, நான் மட்டும் போகட்டுமா?"